மொய் நோட்டில் ஏறாத நிலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சட்டென்று ஒரு பதில் எழுதி, இரண்டு நாள் கழித்துப் படித்துப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

நெய்வேலி மந்தாரக்குப்பத்தில் வளர்ந்தவர் நீங்கள். தாத்தாவின் நிலம் சுரங்கத்துக்குப் போன குடும்பம். இப்போது வேறொரு மாவட்டத்தில் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே பழைய கழிவுக் குட்டையைத் தோண்டி மண்ணைச் சுத்தம் செய்யப் போகிறார்கள், ஊராரோடு பேசும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவ முகாம் நடத்தியாயிற்று, பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்தாயிற்று, கோயில் திருவிழாவுக்குப் பந்தலும் போட்டாயிற்று. ஆனாலும் கூட்டம் கூட்டினால் ஊர் முகம் கொடுத்துப் பேச மறுக்கிறது, என்ன செய்தால் உறவு வரும் என்று கேட்டிருந்தீர்கள்.

என் அப்பா ஒரு மொய் நோட்டு வைத்திருந்தார். நீளமான கணக்கு நோட்டு, முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் மஞ்சள். அக்காவின் காதுகுத்துக்கு வந்த மொய் அதில் இருக்கும்: பெயர், ஊர், ரூபாய் ஐந்து. சிலர் பெயருக்கு எதிரே எவர்சில்வர் தூக்கு ஒன்று. எங்கிருந்து பத்திரிகை வந்தாலும் அப்பா முதலில் அந்த நோட்டைத்தான் எடுப்பார். அவர்கள் என்ன வைத்தார்கள் என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் வைப்பார். கடன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஐந்நூறு ரூபாய் மொய் வாங்கியவன் திருப்பி வைக்காமல், பந்தியில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெருமையாகப் போனால் ஊர் என்ன சொல்லும்? ஐஸ்கிரீமைச் சாப்பிடும், அவனைப் பற்றிச் சிரிக்கவும் செய்யும்.

உங்கள் கம்பெனி பெஞ்சு கொடுத்தபோது ஊர் அப்படித்தான் பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அதைக் கொடை என்று எழுதிவைத்தீர்கள். ஊர் தன் நோட்டைத் திறந்து பார்த்திருக்கிறது. அதில் இருபது வருடம் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீர், உங்களுக்கு ஊர் வைத்த மொய்யாக இருக்கிறது.

இதை நெய்வேலிக்காரருக்கு நான் விளக்கவேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போடப் போய்க் கறுப்பாக ஏதோ வெளிவந்த கதை உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது, 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த வருடமே மின்சாரம். சோவியத் உதவியோடு எழுந்த அந்த முதல் அனல்மின் நிலையம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடி, 2020இல்தான் ஓய்ந்தது. முந்திரித் தோப்பும் பலாமரமும் நின்ற செம்மண் பூமியைக் கொடுத்த ஊர்கள் வைத்த மொய் அது. தமிழ்நாட்டில் விளக்குப் போட்டுப் படித்தவர்கள் எல்லாரும் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்தான், நானும் சேர்த்து.

நிறுவனம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். மர நிழலில் தூங்கும் நகரிய வட்டங்களின் தெருக்களில் நடந்திருக்கிறேன். பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. 1998இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சிக்காகவே ஜூலையில் நெய்வேலிக்கு பஸ் ஏறிய எழுத்தாளர்களில் நானும் ஒருவன். நிலக்கரி எடுத்து முடித்த குழியில் மண்ணைத் திருப்பிக் கொட்டி, மரம் வளர்த்து, ஏரி அமைத்துப் படகு விட்டிருக்கிறார்கள். பறவைகள் வருகின்றன. சுரங்க மண்ணில் ஒரு செடியைப் பிழைக்க வைப்பது லேசான காரியமில்லை. அடியாழத்திலிருந்து வரும் மண்ணில் சத்து கிடையாது, நுண்ணுயிரும் கிடையாது. அதற்குத் தொழுவுரமும் உயிர் உரமும் போட்டுப் பல வருடம் பாடுபடவேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தப் படகுத்துறையில் நிற்கும் ஊமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தண்ணீரைப் பார்த்து எங்கள் கொல்லை இங்கேதான் இருந்தது என்று பேரனிடம் சொன்னால், அந்தப் பூங்கா அவருக்கு யார் வீட்டுப் பூங்கா?

கடனையும் கொடையையும் சட்டம் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் குழியை மூடுவது, தண்ணீரைச் சுத்தம் செய்வது, சாம்பலைக் கட்டுப்படுத்துவது இவையெல்லாம் அந்த 2 விழுக்காட்டில் வராது, வரவும் கூடாது. அவை சுற்றுச்சூழல் அனுமதியோடு வரும் நிபந்தனைகள், செய்தே தீரவேண்டியவை. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடல் செலவுக்கென்றே வருடாவருடம் நிலக்கரிக் கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில் உள்ள தனிக் கணக்கில் பணம் கட்டவேண்டும் என்று 2009 முதல் விதி இருக்கிறது. ஆக, கடன் ஒரு கணக்கு, கொடை இன்னொரு கணக்கு. ரிப்பன் வெட்டும் விழாவில் இரண்டும் ஒரே மேடையில் ஏறிவிடுகின்றன. உங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். குட்டையைச் சுத்தம் செய்யும் செலவும் பள்ளி பெஞ்சும் ஒரே பக்கத்தில், ஒரே சிரித்த முகங்களோடு அச்சாகியிருந்தால், முதலில் அதைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நெய்வேலியைப் பற்றி நான் கொஞ்சம் படித்தது அதைத்தான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால் அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். அதனால் குழியைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். ஒரு நாள் நிறுத்தினாலும் ஆபத்து. இறைத்த நீரில் ஒரு பங்கு அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது, ஒரு பங்கு ஓடைகளில் இறங்கி வயலுக்குப் போகிறது, வறட்சிக் காலத்தில் சென்னைக்கும் போயிருக்கிறது. எட்டடியில் கிடந்த தண்ணீர் எண்ணூறு அடிக்கு இறங்கிப் போய்விட்டது என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். நீங்களும் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். பொறியாளரிடம் கேட்டால் அவர் எந்தக் கிணறு, எந்த வருடம், எந்த நீர்த்தாங்கிப் படுகை என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பது நியாயம். ஆனால் அவர் கையில் இருக்கும் அளவுகள் ஊரார் கையில் இல்லை. அவர்களிடம் இருப்பது கயிற்றின் நீளமும், மோட்டார் எத்தனை முறை இறக்கி வைக்கப்பட்டது என்ற ஞாபகமும்தான். இரண்டு பக்கமும் இரண்டு அளவுகோலை வைத்துக்கொண்டு அறுபது வருடமாகப் பேசினால் அது பேச்சாகவா இருக்கும்?

அதே சுரங்க நீர் ஒரு நல்ல கதையும் சொல்கிறது. செங்கால் ஓடை வழியாக வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் போகும் தண்ணீரை நம்பி இன்றும் நெல் விளைகிறது. வாலாஜா ஏரி பல பத்தாண்டுகள் மண் மூடி, ஏரி என்ற பெயருக்கு மட்டும் ஏரியாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் விவசாயிகள் கேட்டு, மாவட்ட நிர்வாகம் முன்நின்று, நிறுவனத்தின் பணத்தில் அது தூர்வாரப்பட்டது. இதை நான் கொடை என்று எண்ணவில்லை, அந்த விவசாயிகளும் எண்ணியிருக்கமாட்டார்கள். நோட்டைப் பார்த்து வைத்த மொய் அது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் கசப்பாகப் பேசிக் கேட்டதில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2023 ஜூலை 26. நெய்வேலிக்குப் பக்கத்து வளையமாதேவியில் நெல் நின்ற வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டும் வேலை. நிறுவனம் சொன்ன காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்: அந்த நிலங்கள் 2006 முதல் 2013 வரையான ஆண்டுகளில் கையகப்படுத்தப்பட்டவை, இழப்பீடு கொடுக்கப்பட்டுவிட்டது, பயிர் வைக்கவேண்டாம் என்று முன்பே அறிவித்தும் இருந்தது, மழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்துக்குள் வெள்ளம் வரும். காகிதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் சொன்னது வேறு. பின்னால் நிலம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைக்கவில்லை, வேலை தருவதாகச் சொன்னது வரவில்லை, எங்கள் கணக்கு இன்னும் முடியவில்லை. அதனால் நிலத்தை விட்டு இறங்கவுமில்லை.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அறுப்புக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று நீதிமன்றம் கேட்டது. பயிரின் மேல் இயந்திரம் ஓடியதைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாகவே ஒரு நீதிபதி சொன்னார். ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. இடையில் ஜூலை 28 அன்று நெய்வேலியில் நடந்த மறியல் கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வாடும் பயிருக்காக உருகிய வள்ளலாரின் வடலூர் நெய்வேலியை ஒட்டித்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் கதிர் விடப்போகும் நெல்லைச் சூல் கட்டியிருக்கிறது என்றுதான் சொல்வார்கள், பிள்ளைத்தாய்ச்சியைப் பற்றிச் சொல்வதுபோல. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் அந்தப் பயிர் மேல் வண்டி ஏற்றலாமா கூடாதா என்பதற்கு அந்த ஊரில் ஒரு பதில்தான் உண்டு. பொறியாளர்களில் பலர் அதே மாவட்டத்துப் பிள்ளைகள், அவர்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டிருந்தாலே போதும். எத்தனையோ வருடத்து மருத்துவ முகாமும் உதவித்தொகையும் சேர்த்து வைத்த நல்ல பெயரை ஒரே நாள் காலையில் தொலைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். உங்கள் குட்டை வேலையிலும் இப்படி ஒரு பயிர் எங்காவது நிற்கும். லாரி போகும் பாதையில் ஒரு சுடுகாடோ, மாரியம்மன் கோயில் திடலோ இருக்கும். வரைபடத்தில் அது தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

வளையமாதேவிக்கு அடுத்த மாதமே இன்னொன்றும் வந்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் சேர்ந்து நெய்வேலி சுற்றுப்புறத்தில் மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்து அறிக்கை வெளியிட்டன. வடக்கு வெள்ளூரில் ஓர் இடத்தில் தண்ணீரில் பாதரசம் அனுமதி அளவைப்போல் 250 மடங்கு என்றது அது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. அந்த எண் சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அறுபது வருடம் பக்கத்தில் குடியிருந்தவர்கள் தங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை வெளியாள் எடுத்துச் சொல்லித் தெரிந்துகொள்ள நேர்ந்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் சொந்த மாவட்டத்தின் தலைநகர் கடலூரில் மக்கள் அதற்கும் காத்திருக்கவில்லை. சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் 2004 வாக்கில் ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு வைத்தார்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே காற்றுப் பை. நாற்றம் வரும் நேரத்தில் திறந்து காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த மணி, காற்று எந்தப் பக்கம், நாற்றம் எதைப் போல என்று எழுதிவைத்தார்கள்: அழுகிய முட்டை மாதிரி, நெயில் பாலிஷ் மாதிரி. மூக்கு பொய் சொல்லும் என்று சொல்லிவந்த அதிகாரிகளுக்கு அந்த நோட்டு பெரிய தலைவலி. என்னைக் கேட்டால், புத்தியுள்ள ஆலை அந்த வாளியைத் தானே வாங்கிக் கொடுத்திருக்கும்.

நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மிக நெருங்கிய கதை கொடைக்கானலில் இருக்கிறது. அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு 2001இல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது, ஆலை மூடப்பட்டது. 2003இல் கழிவு மூட்டைகள் கப்பலேறி அமெரிக்காவுக்கே போயின. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். ஆலை மூடிப் பதினைந்து வருடம்! அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது என்பதுதான் சண்டை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்று நிர்ணயித்தபோது, மலையடிவாரத்து ஆறுகளையும் காட்டையும் நினைத்தவர்கள் அது போதாது என்றார்கள். எவ்வளவு மிச்சம் விடலாம் என்ற கேள்வி வெறும் வேதியியல் கேள்வி இல்லை. அந்த மிச்சத்தோடு குடியிருக்கப்போவது யார் என்பதும் அதில் சேர்ந்தது. அந்த எண்ணை முடிவு செய்யும் அறையில் ஊர் உட்கார்ந்திருக்காவிட்டால், பிறகு நீங்கள் நூறு கூட்டம் போட்டாலும் அது அறிவிப்புக் கூட்டம்தான்.

வெளிநாட்டில் நெய்வேலிக்கு ஓர் அண்ணன் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதி, அதே பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் மண்ணைக் கொறிக்கும் ராட்சதச் சக்கர வாளிகளே ஜெர்மனித் தொழில்நுட்பம்தான். 1990க்குப் பிறகு அங்கே பல சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. கிழக்கு ஜெர்மனிச் சுரங்கங்களைச் சுத்தம் செய்வதற்கென்றே அரசு தனி நிறுவனம் வைத்து, இதுவரை ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல் செலவழித்திருக்கிறது. குழிகள் ஏரிகளாகி, சுற்றுலாவும் வந்துவிட்டது. ஆனால் இறைப்பதை நிறுத்தியதும் நிலத்தடி நீர் மேலேறி வீடுகளின் நிலவறைகளுக்குள் புகுந்தது, ஸ்ப்ரே ஆறு இரும்புத் துருவால் பழுப்பாக ஓடியது. மூடிய சுரங்கத்தில் கடைசி டன் எடுத்து முப்பது வருடத்துக்குப் பிறகும் ஊர்க்காரர் போன் செய்தால் எடுக்க ஓர் ஆள் இருக்கிறார். இங்கே நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார், வந்தவருக்குக் கோப்பு கிடைக்காது.

அதனால் கோப்பு ஊரில் இருக்கட்டும். உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் யோசனை இதுதான்: ஒரு நோட்டு வாங்குங்கள், வேண்டுமானால் மூலையில் மஞ்சள் தடவியே கொடுங்கள், ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். முதல் பக்கத்தில் ஊர் உங்களுக்கு என்ன கொடுத்தது என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எந்தக் கிணறு எப்போது கெட்டது, எந்த மாடு செத்தது, யாருக்குத் தோல் வியாதி. மறுக்காதீர்கள், அந்தப் பக்கத்தில் உங்கள் பேனா படக் கூடாது. அடுத்த பக்கங்களில் நீங்கள் செய்வதாகச் சொன்னதும், சொன்ன தேதியும், சொன்னவர் பதவியும். மண் மாதிரி எடுக்கும் இடத்தை ஊரார் காட்டட்டும். எடுத்த மண்ணை இரண்டு பாட்டிலில் போட்டு ஒன்றை அவர்களிடமே கொடுங்கள், வேண்டிய ஆய்வகத்துக்கு அவர்கள் அனுப்பிக்கொள்ளட்டும். முடிவு தலைமை அலுவலகத்துக்குப் போகும் அன்றே தமிழில் அந்த அலுவலகப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். மோசமான முடிவாக இருந்தால் இன்னும் சீக்கிரம். உங்கள் சட்டப் பிரிவு இதற்கு ஒப்புக்கொள்ளாது, சண்டை போடவேண்டியிருக்கும். அந்தச் சண்டையைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்கள் போடவேண்டும் என்று நான் நினைக்கிறேன். பந்தல் போட வேறு ஆள் கிடைப்பார்கள்.

இன்னொன்று, நெய்வேலியில் அடிக்கடி விட்டுப்போனது. பட்டா உள்ளவர் பெயர் பட்டியலில் ஏறும். அந்த நிலத்தில் நாற்று நட்ட பெண்கள், முந்திரிக்கொட்டை பொறுக்கியவர்கள், ஆடு மேய்த்தவர்கள், இவர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. நிலம் போனதும் அவர்கள் கூலியும் போனது, பதில் மொய் மட்டும் வரவில்லை. உங்கள் ஊர்க் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருபவர்களோடு பேசி முடித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். தண்ணீர் பிடிக்கும் குழாயடிக்குக் காலையில் ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள், பேனா நோட்டு இல்லாமல். எந்தக் குடத்துத் தண்ணீர் குடிக்க, எது பாத்திரம் கழுவ என்று அவர்கள் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பிரிவினை எந்த ஆய்வகத்திலும் கிடைக்காத தகவல்.

எனக்குத் தெரிந்த ஒரு சிற்றூரில் ஓர் ஆலை சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக் கொடுத்தது. பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை. ஆறு மாதத்தில் இயந்திரம் நின்றுவிட்டது, பலகை மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறது. அந்த வழியாக நான் போகும்போதெல்லாம் ஊர்ப் பையன்கள் அதில் மட்டைப்பந்துக்கு ஸ்டம்ப் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். குறைந்தபட்சம் அதற்காவது ஆயிற்று.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. முதல் மண் மாதிரி எடுப்பது ஊர்க் கூட்டத்துக்கு முன்பா, பின்பா? முன்பு என்று தேதி குறித்திருந்தால் எப்படியாவது தள்ளிப்போடப் பாருங்கள். முடியாது என்றார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், மேலதிகாரிக்கு என்ன எழுதலாம் என்று சேர்ந்து யோசிப்போம். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தாத்தாவின் நிலத்துச் சர்வே எண் அவருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும். அதையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்